ஸ்டிக்கரில் வைத்த சந்தனம்

செப்டம்பர் 8, திங்கள்

இன்றிலிருந்து நாட்குறிப்பு எழுதப்போகிறேன். கல்லூரி முதல்வர் ஆன பிறகு தொடங்கினால், நாற்காலி வந்ததும் நாட்குறிப்பும் வந்துவிட்டது என்று கேலி பேசுவார்கள். முன்கூட்டியே தொடங்கிவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. நேர்முகம் அக்டோபர் ஆறாம் தேதி என்று செயலர் தனுஷ்கோடி சொல்லிவிட்டார். போட்டிக்கு இருப்பது இயற்பியல் துறை மாசானமுத்து மட்டும்தான். அவர் சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் சாக்பீஸ் வைத்திருக்கிறார். வகுப்பு முடிந்ததும் அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொள்வார். அப்படி ஒருவரை முதல்வர் அறையில் உட்கார வைத்தால் கல்லூரிக்குத்தான் அவமானம்.

நான் கணிதத்துறைத் தலைவர். கணினி ஆய்வகத்துக்கும் நான்தான் பொறுப்பு. கணினி வந்த புதிதில் மதுரையில் நடந்த கோடைப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு திரும்பிய ஒரே ஆசிரியர் நான்தான். பயிற்சியில் மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது நினைவிருக்கிறது.

கண் மருத்துவர் படிப்பதற்குக் கண்ணாடி போடச் சொல்கிறார். நேர்முகம் முடியட்டும். கண்ணாடி போட்டால் எனக்கு ஐந்து வயது கூடிவிடும்.

செப்டம்பர் 10, புதன்

ஆய்வகத்தில் சரக்கு இருப்பு சரிபார்ப்பு. சரிபார்க்கும் அதிகாரியாக மாசானமுத்துவைப் போட்டிருக்கிறார்கள். ஏதோ ஏவுகணைத் தளத்தைப் பார்வையிடுவதுபோலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். நாற்பது கணினிகள் இருக்க வேண்டும். இருபத்து நான்காம் மேசையில் மானிட்டர் இருக்கிறது, கீபோர்டு இருக்கிறது, மவுஸ் இருக்கிறது. இவை எல்லாம் எதில் செருகியிருக்க வேண்டுமோ அந்தப் பெட்டி இல்லை.

ஆய்வக உதவியாளர் ஜெனிட்டாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். எம்.சி.ஏ. படித்த பெண், தொகுப்பூதியத்தில் மூன்று வருடமாக இருக்கிறாள். தான் சேர்ந்த நாளிலேயே அந்த மேசையில் பெட்டி இல்லை என்றும், அப்போதே என்னிடம் சொன்னதாகவும், "அது ரிப்பேருக்குப் போயிருக்கும்மா" என்று நான் பதில் சொன்னதாகவும் சொன்னாள். நான் அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆய்வகப் பொறுப்பாளர் ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொல்கிறார்.

மூன்று வருடமாக ஒரு காலி மேசையைப் பார்த்துக்கொண்டே சம்பளம் வாங்கியவள் என்றால் பொறுப்பு யாருடையது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

தேங்காய் விலை கேட்டு மயக்கம் வந்தது. வீட்டுக் கணினிக்குப் புது மவுஸ் பேட் வாங்கினேன்.

செப்டம்பர் 13, சனி

செயலர் கூப்பிட்டனுப்பினார். நேர்முகத்துக்கு முன்னால் ஆய்வக விஷயத்தை முடித்துவிட வேண்டுமாம். யார் மீதாவது நடவடிக்கை எடுத்திருந்தால் நிர்வாகத் திறமையைக் காட்டியதாக இருக்கும் என்றார். நல்ல மனிதர், எதையும் பாதிதான் சொல்வார்.

ஜெனிட்டாவின் ஒப்பந்தம் இந்த மாதம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. புதுப்பிக்க என் கையெழுத்து வேண்டும். அவளுக்கு ஒரு மெமோ கொடுத்துவிட்டு, பதில் திருப்தியில்லை என்று புதுப்பிக்காமல் விட்டுவிட்டால் வேலை முடிந்தது. யாரையும் நீக்கிய பாவமும் வராது.

மாலையில் மகள் நிறைமதியை உட்கார வைத்து மெமோவை வாசகம் வாசகமாகச் சொன்னேன், அவள் டைப் செய்தாள். பன்னிரண்டாம் வகுப்பு, கணினி அறிவியல் பாடம் எடுத்திருக்கிறாள். நான் டைப் செய்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுது போய்விடும். கணினி வாங்கிய பில்லில் மேசைவாரியாக வரிசை எண் இருக்கிறது. இருபத்து நான்குக்கு INA417K2QD. எண்ணைப் போட்டால்தான் மெமோவுக்கு எடை. எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவள் இரண்டு தடவை திருப்பிக் கேட்டுத் திருத்தினாள்.

டைப் செய்து முடித்துவிட்டு, "இந்த அக்காவுக்கு வேலை போயிருமாப்பா?" என்று கேட்டாள். நிர்வாகம் என்றால் அப்படித்தான் என்றேன்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்தி வைக்கிறேன். எங்கள் வீட்டுக் கணினி கொரோனா காலத்தில் நான் ஆன்லைன் வகுப்பு எடுப்பதற்காக வந்தது. அப்போதிருந்த முதல்வர் வாய்மொழியாக அனுமதி தந்தார். அவர் இப்போது பெங்களூரில் மகனோடு இருக்கிறார், யாரையும் அடையாளம் தெரியவில்லை என்கிறார்கள். அதனால் அனுமதி இல்லை என்று ஆகிவிடாது. வந்து ஐந்து வருடம் ஆயிற்று. பின்னால் ஒரு ஸ்டிக்கர் அசிங்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது, வெந்நீர்த் துணி வைத்து நானே உரித்து எடுத்தேன். அது எங்கள் வீட்டுக் கணினி. ஆய்வக விஷயத்தோடு அதை யாரும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

மெமோவைக் கொடுத்தேன். வெளிப்படைத்தன்மை வேண்டும் என்பதால் ஜெனிட்டாவும் இருக்கிற 'ஆசிரியர் குடும்பம்' வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டேன். அறுபது பேர் பார்த்தார்கள். வணிகவியல் துறையிலிருந்து ஒருவர் கட்டைவிரல் போட்டார்.

ஜெனிட்டா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மெமோவை நின்றுகொண்டே படித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "சார், காணாமப் போனது இந்த நம்பர்தான்னு எப்படித் தெரியும்? நாப்பது மெஷினும் இந்த அஞ்சு வருஷத்துல மேசை மாறி மாறிப் போயிருக்கு. மிச்சம் முப்பத்தொன்பதையும் பாத்துட்டுச் சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் பதில் தாரேன்" என்றாள்.

தொகுப்பூதியக்காரர்களுக்கு இப்போதெல்லாம் வாய் நீளம். மாசானமுத்து பக்கத்திலிருந்து தலையாட்டினார். அவருக்கு எதற்கெடுத்தாலும் தலையாட்டல்தான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மனைவி ஆவுடை தோசை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, அந்த ரூம்ல இருக்க டப்பா காலேஜுலருந்து கொண்டாந்ததுதான? அதத்தான் தேடுதாவளா?"

கொத்தமல்லி வாங்கக் கடைக்குப் போனேன். வீட்டில் ஏற்கெனவே இரண்டு கட்டு இருந்தது.

செப்டம்பர் 17, புதன்

ஐந்து பேர் கொண்ட சரிபார்ப்புக் குழு ஆய்வகத்தில் கூடியது. ஒவ்வொரு பெட்டியின் பின்னாலும் வரிசை எண் அச்சிட்ட வெள்ளை ஸ்டிக்கர் உண்டு. அதைப் பார்த்து எழுதினால் அரை மணி நேர வேலை. மாசானமுத்து முதல் பெட்டியைத் திருப்பினார். ஸ்டிக்கரில் எண் இல்லை, சந்தனம் இருந்தது. நடுவில் குங்குமம். அடுத்த பெட்டியிலும் அப்படியே. முப்பத்தொன்பதும் மங்களகரமாக இருந்தன.

இதில் என் பங்கு சிறியது. ஆயுத பூஜைக்குப் பெட்டிகளின் முன்பக்கம் பொட்டு வைத்தால் மாணவர்கள் சட்டையில் ஒட்டிக்கொள்கிறது என்று புகார் வந்தது. பின்பக்கம் வையுங்கள் என்றேன். பின்பக்கத்தில் நெற்றி மாதிரி வெள்ளையாக, வழவழப்பாக இருப்பது அந்த ஸ்டிக்கர் ஒன்றுதான். ஒவ்வொரு வருடமும் போன வருடப் பொட்டுக்கு மேலேயே வைத்து வந்திருக்கிறார்கள். பக்தியில் குறை சொல்ல முடியாது.

மாசானமுத்து ஈரத்துணியால் துடைத்தார். மூன்று ஸ்டிக்கர்களில் சந்தனத்தோடு எண்ணும் வந்துவிட்டது. அந்த மூன்று கணினிகளின் வரிசை எண்ணும் இப்போது அவர் துணியில்தான் இருக்கிறது.

ஜெனிட்டா ஸ்டிக்கரே தேவையில்லை என்றாள். எண் பெட்டிக்கு உள்ளேயே பதிந்திருக்கிறதாம். கறுப்புத் திரையைத் திறந்து ஒரு கமாண்ட் கொடுத்தால் கணினியே தன் எண்ணைச் சொல்லுமாம். சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்தாள்.

நான் விடுவேனா. குற்றம் சாட்டப்பட்டவரே கமாண்ட் கொடுத்தால் வருகிற எண்ணை எப்படி நம்புவது என்று ஆட்சேபித்தேன். கீபோர்டை அவள் தொடவே கூடாது என்றேன். குழு ஒப்புக்கொண்டது. அப்படியென்றால் கமாண்டை யார் தருவது என்று மாசானமுத்து கேட்டார். நான் தருகிறேன், திங்கட்கிழமை சோதனையை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். இன்றே ஏன் கூடாது என்றார். எதற்கும் ஒரு முறை இருக்கிறது என்றேன்.

முப்பத்தொன்பதையும் தாராளமாகச் சோதிக்கட்டும். காணாமல் போனது காணாமல் போனதாகத்தானே இருக்கும்.

செப்டம்பர் 19, வெள்ளி

பயிற்சியில் கொடுத்த புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்தேன். பாதியைக் கரையான் தின்றிருக்கிறது. கமாண்ட் பாதியைத்தான் தின்றிருக்க வேண்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வெற்றிகரமான நாள். விவரமாக எழுதலாம்.

காலையில் நிறைமதியிடம், கணினியின் வரிசை எண்ணைக் கேட்க ஏதோ கமாண்ட் உண்டாமே, உன் பாடத்தில் வருகிறதா என்று பொதுவாகக் கேட்டேன். எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்துவிடக் கூடாது, அதனால் சோதிப்பதுபோல் கேட்டேன். காலாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள், பாடத்தில் இல்லை, ஆனால் பார்த்துப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன் என்றாள்.

நான் சலூனுக்குப் போனேன். நேர்முகத்துக்கு முன்னால் ஒரு தடவை டை அடித்துப் பார்ப்பது நல்லது, நிறம் செட் ஆக வேண்டும். தலை முழுக்கக் கறுப்பு மையோடு, கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருக்கும்போது குரூப்பில் மாசானமுத்துவின் செய்தி வந்தது: "கமாண்ட் தயாரா சார்?" அறுபது பேர் பார்க்கக் கேட்கிறார். இவருக்கு இருக்கிற ஆசையைப் பாருங்கள்.

அதே நேரத்தில் நிறைமதியின் போட்டோவும் வந்தது. எங்கள் வீட்டுக் கணினியின் திரை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. கண்ணைச் சுருக்கிப் பார்த்ததில் மேல் வரி தெரிந்தது:

wmic bios get serialnumber

கீழே இன்னும் இரண்டு வரி ஏதோ இருந்தது. கையில் மை, பார்க்க முடியவில்லை. சுண்டு விரலால் அப்படியே குரூப்புக்குத் தள்ளிவிட்டேன். டை காய்ந்த பிறகு கீழே ஒரு வரியும் சேர்த்தேன்: "அனைவரும் அறிந்து பயன்பெறுக. மு. திருமலைக்கொழுந்து, பொறுப்பாளர், கணினி ஆய்வகம்."

கைதட்டல்கள், கும்பிடுகள், ஒரு பூங்கொத்து. வணிகவியல் துறைக்காரர், "சார் ஒரு நடமாடும் கணினி" என்று எழுதினார். மாசானமுத்து ஒன்றும் போடவில்லை. வயிறு எரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நிறைமதி என் முகத்தையே பார்த்தாள். "போட்டோவப் பாத்தீங்களாப்பா?" என்றாள். பார்த்தேன், பிரமாதம் என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். தேர்வு நேரத்தில் பிள்ளைகள் அப்படித்தான் இருப்பார்கள்.

செப்டம்பர் 22, திங்கள்

ஆய்வகத்தில் ஒரு சிறு குழப்பம். தலை வலிக்கிறது. டையாக இருக்கலாம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

விடுப்பு எடுத்திருக்கிறேன். நடந்ததை எழுதிவிடுவதே நல்லது. மற்றவர்கள் எப்படித் திரிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

நேற்றுக் காலை மாசானமுத்து என் போட்டோவை விரித்துப் பெரிதாக்கி, அதைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். கணினி எண்ணைச் சொன்னது. பில்லில் டிக் அடித்தார். ஜெனிட்டாவை வாசலோரம் நிற்க வைத்திருந்தோம், மெமோ அவள் கையில் இருந்தது. மேசை மேசையாகப் போனார்கள். அவள் சொன்னதுபோலப் பல பெட்டிகள் மேசை மாறித்தான் இருந்தன. ஆனால் இருபத்து நான்காம் எண் மட்டும் எங்கும் வரவில்லை. மதியத்துக்குள் எல்லாம் முடிந்து பில்லில் டிக் இல்லாமல் அது ஒன்றே மிஞ்சியது. நான் எழுதியது சரிதான் என்று ஆயிற்று. அதைச் சொல்லவும் செய்தேன்.

மாசானமுத்து அந்த எண்ணைச் சத்தமாகப் படித்தார். ஜெனிட்டா மெமோவைப் பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்துப் பார்த்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள்.

"சார், நீங்க தேடுற மெஷின் நேத்தே குரூப்புக்கு வந்துருச்சு. உங்க போட்டோவுல கமாண்டுக்குக் கீழ என்ன இருக்குன்னு படிச்சுப் பாருங்க."

எல்லோரும் போனை எடுத்தார்கள். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் விரல்களை விரித்தார்கள். நானும் விரித்தேன், எனக்குப் புகைதான் தெரிந்தது. அது உதாரணத்துக்காக வந்த எண்ணாக இருக்கும் என்றேன். எல்லாக் கணினி எண்ணும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும் என்றேன். மாசானமுத்து போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"வே திருமலை, இந்தப் போட்டோவ எங்க வச்சு எடுத்தீரு?"

அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை.

கழிப்பறைக்குள் போய்ப் போட்டோவை அழித்தேன். அழித்தபிறகுதான் தெரிந்தது, எனக்கு மட்டும் அழித்திருக்கிறேன். எல்லோரிடமும் இருக்கிறது, என்னிடம் மட்டும் இல்லை. இனி குரூப்பிலிருந்து அதை எடுக்கவும் முடியாதாம். குரூப்பில் கைதட்டியவர்கள் ஒவ்வொருவராகக் கைதட்டலைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதற்கு மட்டும் வழி இருக்கிறது போலிருக்கிறது. பூங்கொத்தும் போய்விட்டது.

செப்டம்பர் 24, புதன்

 ஆவுடை சாம்பாரில் கொத்தமல்லி மட்டும் அள்ளிப் போட்டிருந்தாள்.

செப்டம்பர் 25, வியாழன்

செயலர் அறை. கல்லூரியின் பெயர் வெளியே அடிபடக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். கணினி கல்விப் பணி நிமித்தம் பேராசிரியர் இல்லத்தில் இருந்தது, இப்போது திரும்பப் பெறப்பட்டது என்று தீர்மானம் எழுதிக்கொள்வார்களாம். நான் சொல்ல வந்ததும் அதுதானே.

நேர்முகத்துக்கு நான் கட்டாயம் வர வேண்டியதில்லை என்றும் சொன்னார். வரலாமா என்று கேட்டேன். ஆறாம் தேதி வெயில் ஜாஸ்தியாக இருக்கும் சார் என்றார். நல்ல மனிதர்.

செப்டம்பர் 27, சனி

பெட்டியை ஆட்டோவில் கொண்டுபோனேன். இரண்டு மாடி. தூக்க யாரும் வரவில்லை, எல்லோருக்கும் வகுப்பு இருந்தது. எனக்கு இருந்த மூச்சிரைப்பில் இருபத்து நான்காம் மேசை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜெனிட்டா ஒயர்களை மாட்டி, கறுப்புத் திரையைத் திறந்து கமாண்டைத் தட்டினாள். "படிங்க சார்" என்றாள். படிக்க முடியவில்லை. அவளே படித்து டிக் அடித்துக்கொண்டாள்.

மெமோவைத் திரும்பப் பெறும் கடிதமும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தாளும் கொண்டுபோயிருந்தேன், இரண்டிலும் என் கையெழுத்து. அவள் இரண்டாவதை மட்டும் வாங்கிக்கொண்டாள். முதலாவதை மேசைமேல் வைத்துவிட்டு, "என்னத் திருடின்னு குரூப்புல போட்டீங்க. இல்லன்னும் குரூப்புலயே போடுங்க சார். எங்க அம்மாகிட்டயே ஒருத்தவங்க காட்டிருக்காங்க" என்றாள்.

திருடி என்ற வார்த்தையை நான் எங்கும் பயன்படுத்தவில்லை. மெமோவை இன்னொரு தடவை பார்த்தேன். அந்த வார்த்தைக்கு அவசியமே இருந்திருக்கவில்லை, எழுதியிருந்த விதத்தில் யாரும் அப்படித்தான் படிப்பார்கள்.

செப்டம்பர் 29, திங்கள்

நிறைமதியிடம் இரண்டு வரி டைப் செய்து தரச் சொன்னேன். முடியாது என்றாள். அவள் எனக்கு முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை.

போனில் ஒரு விரலால் நானே அடித்தேன். "கவனக்குறைவு" என்று தொடங்கி அழித்தேன். "தவறான புரிதல்" என்று அடித்து அதையும் அழித்தேன். கடைசியில், செல்வி ஜெனிட்டா மீது எந்தத் தவறும் இல்லை, கணினி என் வீட்டில் இருந்தது, மன்னிக்கவும் என்று போட்டேன். மாலை வரை யாரும் ஒன்றும் எழுதவில்லை. பிறகு மாசானமுத்து ஒரு கும்பிடு போட்டார். எனக்கா, அவளுக்கா என்று தெரியவில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. கல்லூரிக்கு நான் போகவில்லை. ஆய்வகத்தில் இந்த வருடம் பெட்டிகளுக்குப் பொட்டு வைக்கவில்லையாம், மேசை விளிம்பில் வைத்தார்களாம். வணிகவியல் துறைக்காரர் போன் போட்டுச் சொன்னார். இதைச் சொல்லவா போன் செய்வார் என்று யோசித்தேன். என் குரல் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் செய்திருப்பார்.

வீட்டில் அந்த மேசை காலியாக இருந்தது. பெட்டி இருந்த இடத்தில் தூசி சதுரமாக நின்றது. ஆவுடை அதைத் துடைத்துவிட்டு நிறைமதியின் புத்தகங்களை அடுக்கி, அவற்றுக்குச் சந்தனம் வைத்தாள். மவுஸ் பேட் மட்டும் ஓரத்தில் கிடந்தது. சுண்டலும் பொரியும் சாப்பிட்டோம். ஒன்பது நாளாக நிறைமதி என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை.

நானே கேட்டுவிட்டேன். அந்தப் போட்டோ எடுக்கும்போது எண் உனக்குத் தெரிந்ததா என்று.

"மெமோவ டைப் பண்ணது நான்தானப்பா" என்றாள். "ரெண்டு தடவ திருப்பிக் கேட்டு அடிச்ச நம்பர். அது நம்ம வீட்டு மெஷின்ல வந்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

அப்படியானால் தெரிந்தேதான் என்னை மாட்டிவிட்டாயா என்று கேட்டேன். கோபத்தில்தான் கேட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"நான் உங்களுக்கு மட்டும்தானப்பா அனுப்பினேன். நீங்க பாத்துட்டு மெமோவ வாபஸ் வாங்கிருவீங்க, யாருக்கும் தெரியாமப் போயிரும்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்ததும் பாத்தீங்களான்னுகூட கேட்டேன்."

பார்த்தேன், பிரமாதம் என்று சொன்னது நான்தான்.  கல்லூரி என்னை என்ன நினைத்தாலும் ஒரு வருடத்தில் மறந்துவிடும். இந்தப் பெண் அன்றைக்கு என் முகத்தில் எதையோ தேடிவிட்டு உள்ளே போனாளே, அதற்கு நான் என்ன செய்வேன்.

கண்ணாடிக்கு அளவு கொடுக்க வேண்டும். நாளை காந்தி ஜெயந்தி, கடை இருக்காது. வெள்ளிக்கிழமை கூட வருகிறாயா என்று நிறைமதியிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றாள்.